சீசன் கடைசியில் வாத்து பார்க்க: கிருஷ்ணகிரி, தருமபுரி ஏரிகளுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, வலசை வந்த வாத்துகள் வடக்கே திரும்பும் காலம். அந்த வாரங்களில் ஒரு காலைப்பொழுது அணைக்கோ ஏரிக்கோ போய்வரலாம் என்று நினைக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. முதல் கேள்வி எப்போதும் துப்பாக்கியைப் பற்றித்தான் வரும். அதனால் அதையே முதலில் வைத்திருக்கிறேன்.

வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டா? எங்கே லைசென்ஸ் வாங்குவது?

கிடையாது. எங்கேயும் வாங்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சிறு வேட்டைக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஏற்பாடு அதிலேயே இருந்தது. 1991 திருத்தத்தில் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சட்டம் காக்கும் உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் உள்ள பறவை ஒன்றைக் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடுதல் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. போன வண்டியும் கையிலிருந்த ஆயுதமும் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

எங்கள் தாத்தா காலத்தில் பன்னிரண்டு போர் (12-bore) வேட்டைத் துப்பாக்கியோடு போய் ஏரியில் சுட்டிருக்கிறார்களே?

சுட்டார்கள். இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லாவாக இருந்த காலத்தில் அது சாதாரணம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். வீட்டுச் சுவரில் இன்னும் பழைய தோட்டாப் பட்டையை மாட்டிவைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். வாத்து எப்போது எங்கே இறங்கும், காற்று எப்படி அடித்தால் எந்தக் கரை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு முழுக்கப் பறவை பார்க்கவும் உதவும். கீழே ‘எங்கே உட்காருவது’ என்ற இடத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே? கண்ணி வைத்தால்?

குற்றம் பறவையைப் பிடிப்பதிலும் கொல்வதிலும் இருக்கிறது. கையில் என்ன கருவி என்பது அப்புறம்தான். ஏர்கன், உண்டிவில், கண்ணி, வலை எல்லாம் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அப்படியே. நெல்லில் குருணை வடிவப் பூச்சிமருந்தைக் கலந்து வரப்பில் தூவுகிற வழக்கம் எல்லாவற்றிலும் மோசம். அதைத் தின்ற வாத்தை எடுத்துச் சமைத்தால் மருந்து நம் தட்டுக்கே வரும். நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம். நம் இரண்டு மாவட்டத்திலும் மலையோரக் கிராமங்களில் ‘தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று தண்டோரா போடும் அளவுக்கு அந்தப் பிரச்சினை பெரியது.

அமெரிக்காவில் இருக்கிற மச்சான் ‘சீசன் கடைசி வேட்டை’ என்று படம் அனுப்புகிறார். அங்கே மட்டும் எப்படி?

அங்கே அது சட்டப்படி நடக்கிறது, ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. 1918லேயே வலசைப் பறவைகளுக்கென்று சட்டம் வந்துவிட்டது. 1934 முதல், வாத்து சுடுகிற 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ‘வாத்து ஸ்டாம்ப்’ வாங்கியாக வேண்டும். அன்று 1 டாலர், இப்போது 25 டாலர். அந்தப் பணம் ஈரநிலம் வாங்கிக் காப்பாற்றப் போகிறது. ஈயக் குண்டு தண்ணீரில் விழுந்து, அதைப் பொறுக்கித் தின்ற வாத்துகள் செத்துக்கொண்டிருந்ததால், 1991இலிருந்து வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டுக்கு நாடு முழுவதும் தடை. வசந்தத்தில் விமானத்தில் பறந்து வாத்துகளைக் கணக்கெடுத்து, அதைப் பார்த்துத்தான் அடுத்த சீசனின் நாட்களையும், ஒருவர் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்பதையும் முடிவு செய்கிறார்கள். பல மாநிலங்களில் ஜனவரி கடைசியோடு முடிந்துவிடும். அதாவது வாத்து திரும்பிப் போகிற நேரத்தில் அங்கேயும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மச்சான் படம் அனுப்பினால் நீங்கள் மார்ச் மாதத்து நீலச்சிறகி படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புங்கள்.

சரி, பார்க்கத்தான் போகிறோம் என்றால் ஏன் சீசன் கடைசி? நவம்பரில் போகலாமே?

போகலாம். ஆனால் எல்லா வாத்தும் ஒரே மாதிரி மண் நிறத்தில் தெரியும். பாதிப் பேர் முதல் பயணத்திலேயே வெறுத்துப்போவது அதனால்தான்.

காரணம் இது. வடக்கே குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். சில வாரங்கள் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் நரிக்கும் பருந்துக்கும் கண்ணில் படாமல் இருக்க, ஆண் வாத்தும் பெட்டையைப் போல மங்கலான இறகை உடுத்திக்கொள்கிறது. செப்டம்பர், அக்டோபரில் நம் ஊருக்கு வந்து இறங்கும்போது பெரும்பாலும் அதே உடுப்புதான். குளிர்காலம் நெடுக இங்கே இருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். நீலச்சிறகி ஆண் பிப்ரவரி வரைகூட இழுக்கும். மார்ச்சில் போனால் முழு அலங்காரத்தில் இருக்கும். ஜோடி சேர்வதும் இங்கேயே நடப்பதால், ஆண் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டுவதும், ஒரு பெட்டையைச் சுற்றி நாலைந்து ஆண்கள் தண்ணீரில் மல்லுக்கட்டுவதும் பார்க்கக் கிடைக்கும்.

இன்னொரு காரணம் தண்ணீர். கிருஷ்ணகிரி அணையில் இரண்டாம் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட விட, அணையின் பின்பக்கம் சேறும் ஆழமில்லாத தண்ணீருமாக விரிந்து கிடக்கும். தலையைக் கவிழ்த்து அடிமண்ணைத் துழாவித் தின்னும் வாத்துகளுக்கு அதுதான் வேண்டும். சின்ன ஏரிகள் வற்றிப்போவதால் அங்கிருந்ததெல்லாம் பெரிய ஏரிகளில் வந்து சேரும்.

என்னென்ன வாத்து பார்க்கலாம்?

முதலில் இங்கேயே இருப்பவை. புள்ளிமூக்கு வாத்து ஆண்டு முழுவதும் இருக்கும். பெரிய உடம்பு, கறுப்பு அலகு, நுனியில் மட்டும் மஞ்சள், நெற்றியோரம் இரண்டு சிவப்புப் புள்ளி. ஆண், பெட்டை இரண்டும் ஒரே மாதிரி என்பதால் இதைப் பழகிக்கொண்டால் மற்றதை அளக்க வசதி. சீழ்க்கைச் சிறகி செம்பழுப்பாக, கழுத்து நீண்டு, பறக்கும்போது விசிலடித்துக்கொண்டே போகும். குள்ளத்தாரா கைக்குள் அடங்குகிற சைஸ். அல்லியும் தாமரையும் படர்ந்த குளங்களில் தேடுங்கள்.

வலசை வருபவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மீதி தானாக வரும்.

நீலச்சிறகி சின்ன வாத்து, முந்நூறு நானூறு கிராம்தான். ஆணுக்குக் கண்ணுக்கு மேலே ஆரம்பித்துப் பிடரி வரை வளைந்து இறங்கும் வெள்ளைப் பட்டை. சுண்ணாம்பில் தோய்த்த விரலால் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். வருவதிலும் முந்தி, கடைசியில் கிளம்புவதும் பெரும்பாலும் இதுதான்.

ஊசிவால் வாத்து கழுத்து நீண்ட, மெலிந்த வாத்து. ஆணுக்குத் தலை சாக்லேட் நிறம், மார்பின் வெள்ளை கழுத்தின் இரு பக்கமும் கோடாக ஏறும். தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் குப்புற நிற்கும்போது அந்த ஊசிவால் செங்குத்தாக மேலே நிற்கும்.

தட்டைவாயனை அலகை வைத்தே சொல்லிவிடலாம், தலையைவிட நீளமான, நுனி அகன்ற அலகு. ஆணுக்குப் பச்சைத் தலை, வெள்ளை மார்பு, விலாவில் செங்கல் நிறம். இவை தின்னும் விதத்தை நின்று பாருங்கள். இருபது முப்பது சேர்ந்து வட்டமாகச் சுற்றும். ஒவ்வொன்றும் முன்னால் போவதன் காலடியில் கலங்கி மேலே வரும் தண்ணீரில் அலகை வைத்து, இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே போகும். அலகின் ஓரத்தில் சீப்புப்பல் மாதிரி மெல்லிய தகடுகள் உண்டு. தண்ணீர் வெளியே போய், நுண்ணுயிரும் விதையும் உள்ளே தங்கும். சாக்கடை கலந்த ஏரிகளிலும் இது செழிப்பாக இருப்பதற்கு இந்த வடிகட்டிதான் காரணம்.

புதியவர்களைக் குழப்புவது நாமக்கோழி. கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றி, கூட்டம் கூட்டமாக இருக்கும். அது வாத்து இல்லை. விரட்டினால் தண்ணீர் மேல் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். மேலே சொன்ன வாத்துகளோ இருந்த இடத்திலிருந்தே நேராக மேலே கிளம்பிவிடும்.

எந்த ஏரிக்குப் போவது?

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் கிருஷ்ணகிரி அணை. காமராஜர் 1957இல் திறந்துவைத்த அணை, தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே, ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். பூங்கா பக்கம் நின்றால் பரிசலும் செல்ஃபி எடுப்பவர்களும்தான் தெரிவார்கள். தண்ணீர் ஆழம் குறைகிற பின்பக்கக் கிராமத்து ஓரங்களுக்குப் போங்கள்.

பாரூர் பெரிய ஏரி எனக்கு அணையைவிடப் பிடிக்கும். நெடுங்கல் தடுப்பணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. கரை நீளமாக இருப்பதால் நடந்துகொண்டே பார்க்கலாம், கூட்டம் கிடையாது. ஊத்தங்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாம்பாறு அணை.

ஓசூரில் கெலவரப்பள்ளி அணை. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் கிழக்கு ஓரத்துக் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது. மதகு திறந்தால் மலை மாதிரி நுரை. பறவைகளுக்குக் குறைவில்லை, கூழைக்கடாவும் நாரையும் நன்றாகவே இருக்கும். ஆனால் தண்ணீரில் கை வைக்காதீர்கள், குழந்தைகளை இறங்க விடாதீர்கள். நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தருமபுரியில் ஊருக்குள்ளேயே இராமாக்காள் ஏரி இருக்கிறது. பழகுவதற்கு நல்ல இடம். பாலக்கோடு பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, தொப்பூர் பக்கம் தொப்பையாறு அணை. நாகமரை, ஒட்டனூர் ஓரத்தில் மேட்டூர் அணையின் தேங்குநீர் வற்றும்போது விரிகிற கரையை நம் மாவட்டத்துக்காரர்களே அதிகம் பார்த்ததில்லை. வண்டி இருந்தால் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

ஒகேனக்கல்லோடு சேர்த்துப் போடலாமா?

அருவிக்குப் போங்கள், குளியுங்கள், மீன் சாப்பிடுங்கள். பாறைக்கு நடுவே இழுத்து ஓடும் தண்ணீரில் வாத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எத்தனை மணிக்குப் போய், எங்கே உட்காருவது?

மார்ச்சில் ஆறே காலிலிருந்து ஆறரைக்குள் சூரியன் வந்துவிடும். அதற்கு அரை மணி முன்னால் இடத்தில் இருக்க வேண்டும். பல வாத்துகள் இரவில் வயல்களுக்கும் சின்னக் குட்டைகளுக்கும் மேயப் போய், விடியும்போதுதான் பெரிய தண்ணீருக்குத் திரும்பும். அந்த வரவுதான் அன்றைய நாளின் முக்கியமான பத்து நிமிடம். முதலில் இறகுச் சத்தம்தான் கேட்கும். அப்புறம் தலைக்கு மேலே கறுப்பாக ஒரு வரிசை போகும்.

உட்காருகிற இடத்தைப் பழைய வேட்டைக்காரர் மாதிரி யோசித்துத் தேர்ந்தெடுங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், அதாவது கிழக்குக் கரை. எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் எழும்பும். காற்று உங்கள் முதுகிலிருந்து தண்ணீர்ப் பக்கம் அடித்தால், இறங்குகிற வாத்து உங்களைப் பார்த்தபடியே வரும். கரைமேட்டின் உச்சியில் நிற்கக் கூடாது, வானத்தின் பின்னணியில் நம் உருவம் தெளிவாகத் தெரியும். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரோ சீமைக்கருவேலமோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி தரையில் உட்காருங்கள். மங்கலான நிறச் சட்டை போதும். அசையாமல் இருப்பதுதான் பெரிய மறைவு.

வலை எடுக்க வந்த மீனவரைக் கேட்டுவிட்டு உட்காருவது இன்னும் நல்லது. “அண்ணா, சிறகி எந்தப் பக்கம் இறங்குது?” என்றால், “வெயில் ஏறினா அதுங்க அந்த மேட்டுக்குப் பின்னால போயிடும், நீங்க இப்பவே போங்க” என்று கையைக் காட்டிவிடுவார். நாம் அரை நாள் தேடுவது மிச்சம்.

பத்து மணிக்கு மேல் நிற்பது வீண். கானல் ஆடும், வாத்து தலையைச் சிறகில் செருகித் தூங்கும். மாலை நாலரைக்கு மேல் மறுபடியும் பார்க்கலாம்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

வாத்து சொல்லும். தின்பதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால், நீங்கள் அதிகம் வந்துவிட்டீர்கள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி மெதுவாக நீந்தி விலகினால், உட்கார்ந்துவிடுங்கள். அதற்கு அடுத்தது பறப்பதுதான்.

இதில் நான் கொஞ்சம் கறார். சீசன் கடைசியில் வாத்துகள் இரவு பகலாகத் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. இமயமலையைத் தாண்டி மத்திய ஆசியா, சைபீரியா வரை பறக்க அந்தக் கொழுப்புதான் எரிபொருள். ஒவ்வொருமுறை நாம் எழுப்பிவிடும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது, தின்கிற நேரமும் போகிறது. பறக்கிற படம் வேண்டும் என்று கல்லெறிபவரோடு நான் இரண்டாவது தடவை போவதில்லை. பரிசல் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போவதும் அதே கதைதான்.

பைனாகுலர், கேமரா, டிரோன்?

எட்டு மடங்கு, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் பைனாகுலர் போதும். பெரிய அணைகளில் முக்காலியில் வைக்கும் டெலஸ்கோப் ஒன்று குழுவில் யாரிடமாவது இருந்தால் நல்லது. செல்போன் படத்தில் வாத்து புள்ளியாகத்தான் வரும், ஏமாறாதீர்கள். டிரோன் வேண்டாம். அணைப் பகுதியில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் போலீஸ் வரும். வாத்துக்கு அது பருந்து மாதிரி, ஏரியே காலியாகிவிடும்.

யானை வருமா?

கிருஷ்ணகிரி அணைக்கோ பாரூருக்கோ இந்தக் கேள்வி பெரும்பாலும் வேண்டாம். தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரி, ஓசூரை ஒட்டிய சானமாவு காட்டுப் பக்கத்து ஏரிகள் என்றால் கட்டாயம் கேட்க வேண்டியது. குளிர்காலத்தில் யானைக் கூட்டங்கள் கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கி ராகி வயல்களையும் ஏரிகளையும் சுற்றும். விடியலுக்கு முன் இருட்டில் ஏரிக்கரைக்கு நடப்பது அங்கே சரிப்படாது. முதல்நாள் மாலையே ஊர்க்காரர்களிடம் விசாரித்து, வெளிச்சம் வந்த பிறகு போங்கள். வேட்டுச் சத்தம் கேட்டால் யாரோ யானையை விரட்டுகிறார்கள் என்று அர்த்தம், திரும்பிவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா?

தாராளமாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். முக்குளிப்பானைக் காட்டி, மூழ்கினது எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். நேரம் போவதே தெரியாது.

அறுத்த வயலில் நூற்றுக்கணக்கில் வாத்து மேய்கிறதே, அதுவும் வலசைதானா?

இல்லை, அது மந்தை வாத்து. கோலோடு ஒருவர் பின்னால் நிற்பார் பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் ஊர் ஊராக ஓட்டிவருவார்கள். அவரிடம் முட்டை வாங்கலாம்.

அப்போ வாத்துக் கறி?

வளர்ப்பு வாத்துக் கறி, பண்ணைக் காடை தாராளமாகச் சாப்பிடலாம். ‘காட்டு வாத்து, ஏரி வாத்து’ என்று காதோடு சொல்லி விற்றால் வாங்காதீர்கள். விற்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம். அது எதைத் தின்று செத்தது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பசித்தால் கிருஷ்ணகிரி அணை வாசலில் பொரித்த மீன் இருக்கிறது. கண்ணெதிரே மசாலா தடவிப் போடுகிற கடையாகப் பார்த்து நில்லுங்கள், முன்னாலேயே பொரித்து அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள்.

பார்த்ததை எங்கே பதிவது? எண்ணுவது எப்படி?

இ-பேர்ட் செயலியில் இடம், நேரம், எண்ணிக்கை போட்டால் போதும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு என்று எல்லோரும் அந்த இரண்டு மாதத்தில் எண்ணிவிடுகிறோம். மார்ச், ஏப்ரல் பட்டியல்கள் குறைவு. எந்த வாத்து எந்த வாரம் வரை இருந்தது என்பது அந்தப் பட்டியல்களில்தான் தெரியும். ஒன்றுமே இல்லாத நாளையும் போடுங்கள், ‘காணோம்’ என்பதும் தகவல்தான்.

பெரிய கூட்டத்தை ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது. ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கொண்டே போங்கள். எல்லாம் தட்டைவாயன் என்று எழுதுவதற்கு முன், நடுவே தலை சிவந்த கிளுவையோ நெற்றி வெளுத்த நாமத்தலை வாத்தோ ஒன்றிரண்டு ஒளிந்திருக்கிறதா என்று இன்னொரு சுற்றுப் பாருங்கள்.

செத்துக் கிடக்கும், அல்லது பறக்க முடியாத வாத்தைக் கண்டால்?

கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், மருந்து வைத்ததாக இருக்கலாம். கோடையில் தண்ணீர் சூடாகி அழுகும்போது வருகிற ஒருவித நச்சு வாதமாகவும் இருக்கலாம், அதில் கழுத்து தொங்கிப்போகும். ஒன்றுக்கு மேல் கிடந்தால் கட்டாயம் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். நைலான் வலையில் சிக்கியது மட்டும் என்றால், துண்டைப் போட்டுத் தலையை மூடிவிட்டு நூலை வெட்டலாம். இழுக்கக் கூடாது, கால் போய்விடும். பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருங்கள்.

போன ஞாயிறு ஐந்நூறு இருந்தது, இந்த ஞாயிறு ஒன்றுமில்லை. யாராவது விரட்டிவிட்டார்களா?

அப்படியும் நடக்கும். ஆனால் மார்ச் என்றால் கிளம்பிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு, காற்று தோதாக இருக்கும் நாளில் கூட்டமாகப் புறப்படும். முதல்நாள் மாலை அமைதியில்லாமல் எழும்பி எழும்பி இறங்குவதைப் பார்த்தால் சந்தேகப்படலாம்.

ஏப்ரல் பாதிக்கு மேல்தான் லீவு கிடைக்கும். வரலாமா?

வரலாம். புள்ளிமூக்கும் சீழ்க்கைச் சிறகியும் இருக்கும், அதிர்ஷ்டமிருந்தால் பின்தங்கிய நீலச்சிறகி ஒன்றிரண்டு. பாம்புத்தாரா, நத்தைக்குத்தி நாரை, ஆற்று ஆலா எங்கேயும் போகாது. எட்டரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் தாங்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி. திரும்பும் வழியில் மாந்தோப்புக் கடைகளில் செந்தூரா வந்துவிட்டதா என்று விசாரிக்கலாம். பெங்களூரா பழுக்க இன்னும் நாளாகும்.